கவிழ்க்காத இரண்டு பானைகள்

என் மகளைக் கடித்த கொசு, நான் கவிழ்க்காமல் விட்ட இரண்டு பானைகளில் பிறந்ததா, வேறெங்கிருந்தாவது வந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருக் கிணறு உப்பு. குடிதண்ணீருக்கு ஊருக்கு வெளியே உள்ள ஊருணிதான். கோடையில் கிடைக்கும்போது கொண்டுவந்து நான்கு பெரிய பானைகளில் நிரப்பி, பத்துப் பன்னிரண்டு நாள் வைத்திருப்போம். தண்ணீரில் புழு நெளியும். நெசவுக்காரர் வீட்டில் துணிக்கா பஞ்சம்? நெருக்கமாக நெய்த துண்டைச் சொம்பின் வாயில் கட்டி வடிகட்டிக் குடிப்போம். துண்டை வெளியே உதறினால் ஒரு வாய்த் தண்ணீர் வீணாகுமே என்று, அதைப் பானைக்குள்ளேயே அலசிவிடுவது எங்கள் வழக்கம். நானும் அலசினேன்.

கொசு சாக்கடையில்தான் பிறக்கும் என்று நம்பியிருந்தேன். சாக்கடையில் சாம்பல் போட்டேன். இரவில் கொசுவலை கட்டினேன். பகலில், ஒன்றரை வயது மகளின் தூளியைப் பானைகளுக்கு அருகில் கட்டினேன். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான்.

அடுத்த தெருவில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கொசு வளக்கிறீகளா?"

"அது தண்ணிப் புழுங்க. வடிகட்டித்தான் குடிக்கிறோம்."

"இதுதாம்மா நாளைக்கு றெக்கை முளைச்சுப் பறக்கும். பகல்லயே கடிக்கிற சாதி. எல்லாத்தையும் கவுத்தி, உள்பக்கம் தேச்சுக் காயப் போடுங்க."

வீட்டில் தெலுங்கே பேசும் என் மாமியார் அவருக்காகத் தமிழில் சொன்னார்: "கவுத்திருவோம் ஐயா. நாளைக்குத் தண்ணிக்கு உங்க வீட்டுக்கு வாரோம், ஆறு பேரும் குடத்தோட."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் இரண்டு பானைகளைக் கவிழ்த்தேன். மற்ற இரண்டைப் புதுத் தண்ணீர் வந்ததும் கவிழ்க்கலாம் என்று நினைத்தேன். வந்தபோது, அடியில் கிடந்ததைக் கொட்ட மனமில்லாமல் அதன் மேலேயே ஊற்றினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. மாமியாரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

மூன்றாவது வாரம் மகளுக்குக் காய்ச்சல். தூக்கினால் அலறுவாள்; கீழே விட்டாலும் அலறுவாள். எங்கே வலிக்கிறதென்று சொல்லத் தெரியாத வயது.

"டெங்குதாம்மா. இதுக்குன்னு மருந்து இல்ல. தண்ணி மட்டும் விடாம குடுங்க" என்றார் டாக்டர்.

அந்த இரண்டு பானைகளிலிருந்துதான் கொடுத்தேன். காய்ச்சிக் கொடுத்தேன். ஏழு நாள் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நான் செய்த எதனாலும் இறங்கியதாகத் தோன்றவில்லை.

இந்த வருஷம் மழை இல்லை. இப்போது எனக்குக் கைக்குழந்தை ஒன்றும் இருக்கிறது. பானை வாயைத் துணியால் இறுகக் கட்டுகிறேன். ஆறு பேர் அவிழ்க்கும் வீட்டில் அது எப்படியும் ஒருமுறை திறந்து கிடக்கிறது. தண்ணீர் அரிதான ஊர்களில் இருக்கும் சகோதரிகளே, கொட்டாமலும் கொசு முட்டையிடாமலும் நீங்கள் எப்படித் தண்ணீர் வைத்திருக்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.