அல்ஹம்துலில்லாஹ்வை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எதையும் துருவித் துருவிக் கேட்பது என் பிறவிக் குணம். கல்முனையில் பிரதேச செயலகத்துக்குப் போன அன்றும் அதைத்தான் செய்தேன். தாமாக இயங்க முடியாத முதியவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் ஒரு பராமரிப்பு உதவி கொடுப்பதாகக் கேள்விப்பட்டு, வாப்பாவுக்காக விண்ணப்பிக்கப் போயிருந்தேன். யாருக்குக் கிடைக்கும், ஏன் கிடைக்கும், யாருக்கு மறுப்பார்கள் என்று நான் கேட்டுக்கொண்டே போக, பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

எனக்கு அது புது உலகமாக இருந்தது. பள்ளிக்கூடம் தொடக்கம் எங்கேயும் முடியும் என்று காட்டத்தான் சான்றிதழ் கேட்பார்கள். இங்கே முடியாது என்பதற்குக் கேட்டார்கள். டொக்டரிடம் ஒன்று, கிராம சேவகரிடம் ஒன்று. வாப்பாவுக்குச் சொந்த வீடு உண்டா என்றும் கேட்டார்கள். இல்லை. எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடிப்பார்கள். வாப்பா கட்டிய வீடு என் பேரில் இருக்கிறது. பெண்பிள்ளை பெற்ற தகப்பன்மாரில் பாதிப்பேர் இப்படிக் கடதாசியில் வீடற்றவர்கள்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரித்தாலும் தேவை பெரிதாக இருந்தது. பாரிசவாதம் வந்து வாப்பாவின் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. உம்மா முன்னமே மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். என் கணவர் ஒலுவிலிலிருந்து ஆழ்கடல் போட்டில் போனால் லேசில் கரைக்கு வரமாட்டார். ஆகவே வாப்பாவைக் குளிப்பாட்டுவது நான்தான். தண்ணீர் வார்க்கும்போது அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மகள் கையால் கழுவிவிடப்படுவது அவருக்கு அவ்வளவு வெட்கம். உதவி கிடைத்தால் அந்த வேலைக்கு ஓர் ஆண்பிள்ளையைச் சம்பளத்துக்கு வைக்கலாம். நான் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்து எழுத ஓர் உத்தியோகத்தரை அனுப்புவோம் என்றார்கள். அவர் வரும் நாளில் வாப்பா வெள்ளைச் சாரன், தொப்பி, அத்தர் எல்லாம் கேட்டார். கதிரையில் நிமிர்த்தி உட்காரவைக்கச் சொன்னார். மாப்பிள்ளை பார்க்க வருவது போலிருந்தது.

"வாப்பா, இண்டைக்கு மட்டும் கொஞ்சம் படுத்திருங்களன்" என்றேன்.

"வீட்டுக்கு ஆள் வரக்குள்ள படுத்திரிக்கிறதா? நான் என்ன நாடகக்காரனா?"

வந்தவர் மருதமுனைப் பெண். கடதாசியை மடியில் வைத்துக்கொண்டு தொடங்கினார்.

"வாப்பா, தனிய எழும்பி நடப்பிங்களா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"குளிக்கிறது, சாப்பிடுறதெல்லாம்?"

"அல்ஹம்துலில்லாஹ்."

அவர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "ராத்தா, இதுக்கு ஓம் எண்டு போடவா, இல்ல எண்டு போடவா?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எங்கள் ஆட்களிடம் சுகம் விசாரித்தால், எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே என்ற இதுதான் பதில். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறும்போதும் இதுதான். குறை சொன்னால் படைத்தவனைக் குறை சொன்னதாகிவிடும். ஆனால் வாப்பா மறைக்கிறாரா, அல்லது உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருடைய வாயில் வராததை அவர் முன்னாலேயே நான் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார். "எங்கட வாப்பாவும் இப்பிடித்தான்" என்று எனக்குச் சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பினார்.

"உங்கள விடுங்க, வாப்பா. மகளுக்குக் கஷ்டமா?"

வாப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு சொன்னார்: "ஓம் புள்ள. மகளுக்குச் சரியான கஷ்டம்."

"என்ன கஷ்டம்?"

"என்னத் தூக்கித் தூக்கி அவட இடுப்புப் போயிட்டு. நான் எழும்புறதெண்டா அவ தூக்கோணும். சோத்தப் பிசைஞ்சி ஊட்டோணும். என்னத் தனிய உட்டுட்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருப்பாவா?"

பேனை வேகமாக ஓடியது. "இது போதும், வாப்பா. நான் சரியெண்டு எழுதி அனுப்புறன்."

வாப்பா நிறுத்தவில்லை. என் பக்கம் திரும்பாமலே அவரிடம் சொன்னார்:

"என்னக் குளிப்பாட்டிப்போட்டு, பைப்ப முழுக்கத் துறந்து உட்டுட்டு நிண்டு அழுவா. வாளி நிரம்பி வழியும். எனக்கு விளங்காதெண்டு நெனச்சிக்கி இரிக்கா. எனக்குக் கைகாலுக்குத்தான் ஏலா, புள்ள. காது நல்லாக் கேக்கும்."