இரண்டு ஸ்பூன் உப்பு

குகட்பள்ளிக்குக் குடிவந்த புதிதில் ஹாலில் ஓர் ஆந்தூரியம் பூச்செடி வாங்கி வைத்தேன். சில மாதங்களில் அடி இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, மற்ற இடமெல்லாம் மஞ்சளானது. மெக்னீசியம் குறைவு என்று நானே கண்டுபிடித்து, செடிக்குப் போடும் மெக்னீசிய உப்பான எப்சம் உப்பு வாங்கி அலமாரியில் வைத்தேன்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது வீட்டு வேலைக்கு வரும் லட்சுமம்மா. வாரம் ஒருமுறை ஒரு ஸ்பூன் உப்பு கலந்து ஊற்றும்படி என் அரைகுறைத் தெலுங்கில் சொன்னேன். தெலுங்கிலும் உப்பு உப்புதான். சரியாகச் சொல்லிவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

ஒரு மாதத்தில் இலை ஓரங்கள் கருகின. பொட்டாசியமும் குறைவு என்று உரம் போட்டேன். மொட்டும் வாடியதும் லட்சுமம்மாவிடம், "சொன்னதை ஒழுங்கா செய்யறீங்களா இல்லையா?" என்று கத்தினேன்.

இரண்டு வாரம் கழித்து அலமாரியைத் துடைத்தபோது எப்சம் உப்பு பாக்கெட் பிரிக்காமலே இருந்தது. தொட்டி மண்ணில் வெள்ளையாகப் படிந்திருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

"எந்த உப்பு போட்டீங்க?"

லட்சுமம்மா சமையலறை உப்பு ஜாடியைக் காட்டினார். "மீரே கதம்மா செப்பாரு" என்றார். நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அர்த்தம். பிறகு தயங்கித் தயங்கி, நான் திட்டிய பிறகு இரண்டு ஸ்பூனாகப் போடுவதாகச் சொன்னார்.

செடி பிழைக்கவில்லை. இலையைப் பார்த்தே குறை சொல்லத் தெரிந்த எனக்கு, என்ன ஊற்றுகிறீர்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. அந்த வீட்டில் சொன்னதை ஒழுங்காகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.