வெறும் பாத்திரத்தை நிரப்பிய காளான்

பேராதனையில் படிக்கும் எனக்குக் காளான் என்றால் பித்து. மழை விட்டால் போதும், ஹந்தானை பைன் காட்டுக்கு ஓடிவிடுவேன். அன்று கண்ட வெள்ளைக் காளான்களை மேலிருந்து படம் பிடித்தேன். ‘சாப்பிடலாம்’ என்றது ஃபோன் ஆப். வீடியோக்களில் பார்த்தபடி அடித்தண்டை மண்ணிலேயே விட்டு, கத்தியால் அழகாக வெட்டி எடுத்தேன்.

நான் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்கா வட்டிலப்பம் என்ற இனிப்பை அனுப்பிய பாத்திரம் எங்கள் வீட்டில் கழுவிக் கிடந்தது. அயலவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் தெருவில் வழக்கமில்லை. கொண்டுவந்த காளான் முழுவதையும் அதில் நிரப்பிக் கொடுத்தேன்.

“காட்டுக் காளானா தம்பி? பயமில்லையே?” என்றார்.

“நல்லாப் பார்த்துட்டேன் ராத்தா. தைரியமா சமைங்க.”

சாப்பிட்ட சிறிது நேரத்தில் அவருக்கும் கணவருக்கும் ஓயாத வாந்தி. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

“அடியோட பிடுங்கின காளான் ஒண்ணு இருக்கா? அடிப்பாகம் பார்க்காம என்ன இனம்னு எப்படிச் சொல்றது?” என்று டாக்டர் கேட்டார். என்னிடம் இருந்தது மேலிருந்து எடுத்த காளான் குடையின் படம் மட்டுமே.

நல்லவேளை, இருவரும் தேறிவிட்டார்கள். சேலைன் ஏறிய கையோடு ராத்தா சொன்னார்: “சும்மா பாத்திரத்தத் தந்திருந்தாலும் நான் ஒண்டும் நெனச்சிருக்க மாட்டேனே தம்பி.” திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போதும் காட்டுக்குப் போகிறேன், படமும் எடுக்கிறேன். ஆனால் காளான் மண்ணிலேயே இருக்கிறது. ராத்தா இன்னும் பலகாரம் அனுப்புகிறார். கடையில் வாங்கிய சீனியைப் போட்டுத்தான் அவர் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன்.