நடக்கிற பிள்ளையைத் தூக்கிப் போனேன்

நல்ல கால் உள்ள பிள்ளையை, கால் வராத பிள்ளை என்று சொன்னேன். பெற்ற அப்பனே சொன்னேன். ஒரு வரிசையில் நிற்கச் சோம்பிச் சொன்னேன்.

செல்வி, அந்தப் பிள்ளை நீதான். முருகேசா, நீ அப்போது பிறக்கவில்லை. இரண்டு பேரும் இதைப் படியுங்கள். எட்டாவதோடு நின்றவன் எழுதுவது. முன்னே பின்னே இருக்கும். மறைத்து எழுதமாட்டேன்.

செல்வி, போன வாரம் பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து, பரிசுக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாய். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பாவுக்குப் பிடிக்கவில்லையா என்று அம்மாவிடம் கேட்டு அழுதாயாம். பிடிக்காமல் இல்லை, செல்வி. நீ ஓடுவதை என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை. ஏன் என்றுதான் சொல்ல வருகிறேன்.

விருதுநகரில் பங்குனிப் பொங்கல். உனக்கு இரண்டரை வயது. பொருட்காட்சியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் கடை போட்டு, வாசலில் ஒரு கரடியை நிறுத்தியிருந்தார்கள். அவர்களுடைய வெடிக்கட்டு லேபிளில் இருக்கிற அதே கரடி. சணல் நாருக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி உடம்பு, காகிதக் கூழில் தலை. உள்ளே ஓர் ஆள். அது ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடும். கையில் ஒரு வண்ண லேபிள் கொடுக்கும். அவ்வளவுதான்! அதற்கு ஊரே திரண்டு நின்றது.

நான் சிவகாசி அச்சாபீசில் காகிதம் வெட்டுகிறவன். அந்த லேபிளை வெட்டியதும் நான்தான். வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு தாளைக் கிழியக் கிழிய வைத்திருந்தவள் நீ. நிஜமாகவே கரடி நிற்பதைக் கண்டதும், "கலடி, கலடி" என்று என் மீசையைப் பிடித்து இழுத்தாய்.

வரிசையோ ராட்டினம் வரை போய், வளைந்து திரும்பியிருந்தது. நம் ஊர் ஆமத்தூருக்குப் பஸ் ஆறரைக்கு. நின்றால் பஸ் போய்விடும். நிற்காவிட்டால் நீ அழுவாய்... இதுதான் எனக்கு வந்த நெருக்கடி. இதற்குப் போய் நெருக்கடி என்று பெயர்!

"விடுங்க. வீட்டுலதான் ஒரு கரடி இருக்குல்ல, அதக் காட்டிக்கிடுவோம்" என்று உங்கள் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் கேட்கவில்லை. உன்னை இரண்டு கைகளிலும் ஏந்தி, தோள் துண்டால் உன் கால்களை மூடி, வரிசையின் ஓரமாகவே முன்னால் நடந்தேன்.

"ஏலே, நாங்கள்லாம் இங்கன கோலி வெளையாடவா நிக்கிறோம்?" என்றார் ஒரு பெரியவர்.

"பிள்ளைக்குக் கால் வராது அண்ணாச்சி. இளம்பிள்ளை வாதம்" என்றேன்.

எப்படி வந்தது அந்தச் சொல்? யோசிக்காமல் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அதற்கு முன்பே துண்டால் மூடினேனே... அது யோசிக்காமலா வந்தது?

திட்டியவர்தான் முதலில் விலகினார். "வழி விடுங்கப்பா, பிள்ளைக்கு முடியலையாம்" என்று அவரே கூட்டத்தை ஒதுக்கினார். ஒரு பெண் உன் தலையைத் தொட்டு, "மாரியாத்தா பாத்துக்கிடுவா" என்றாள். அவர்கள் என்னைப் பிடித்துத் தள்ளியிருக்கலாம்.

பின்னால் வந்த உங்கள் அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "பெத்த பிள்ளையப் பாத்து என்ன வார்த்த சொல்றீக? எப்படி வாய் வந்துச்சு உங்களுக்கு?"

"சும்மா வா" என்றேன்.

கரடி உன்னை வாங்கியது. மற்றப் பிள்ளைகளைப் போல உன்னைச் சுற்றவில்லை. கூட்டம் பேசியது அதன் காதில் விழுந்திருக்க வேண்டும். துண்டோடு சேர்த்து மார்பில் அணைத்துக்கொண்டு, என் பக்கம் சாய்ந்தது. அந்தக் காகிதத் தலைக்குள்ளிருந்து ஒரு மனிதக் குரல் கேட்டது.

"எத்தன மாசத்துல வந்துச்சு, அண்ணாச்சி?"

விலகிய துண்டை உன் கால்மேல் இழுத்துவிட்டேன்.

"எம் மகளுக்கும் இப்படித்தான். ஆறு வயசாச்சு, தூக்கிக்கிட்டே அலையிறோம். நீங்க யார்கிட்ட காட்டுறீக?"

பெரியவர் பக்கத்திலேயே நிற்கிறார். கூட்டம் பார்க்கிறது. யாரிடமும் காட்டவில்லை என்றால் இவன் என்ன அப்பன் என்பார்கள். "தென்காசிக்கு அங்கிட்டு ஒரு வைத்தியர். எண்ணெய் போட்டு நீவுறாரு. இப்ப பரவாயில்ல..." என்றேன்.

அந்த நேரம் பார்த்து நீ நெளிந்தாய். கரடியின் கையிலிருந்து நழுவி இறங்கினாய். லேபிளைப் பறித்துக்கொண்டு, குடுகுடுவென்று அம்மாவிடம் ஓடினாய்.

சிலர் சிரித்தார்கள். பெரியவர் காறித் துப்பிவிட்டு, "நல்லா இருப்படே நீ" என்றார். அது வாழ்த்து அல்ல.

கரடி மட்டும் சிரிக்கவில்லை. ஓடுகிற உன்னையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு என் கையைப் பிடித்தது.

"ஓடுதே அண்ணாச்சி... அந்த வைத்தியர் பேரு என்ன?"

அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் என்னை நம்பினார். நான் பொய்யன் என்று கூட்டத்துக்கே தெரிந்துபோயிருந்தது. அவருக்கு மட்டும் உன் கால் குணமான கால்! இல்லை ஐயா, இது பிறந்ததிலிருந்தே நல்ல கால் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"வேலாயுத வைத்தியர். மலையடிவாரம்" என்றேன். அப்படி ஒருவர் கிடையாது. வாயில் வந்த பெயர். உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ் கிடைத்தது.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு நான் இதை எழுதியிருக்க மாட்டேன்...

சித்திரைக் கடைசியில் சிவகாசி பஸ் நிலையத்தில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். உயரமான ஆள், அறியாத முகம். தோளில் ஒரு சிறுமி. அவளுடைய கால்கள் இரண்டும் அவர் மார்பில் ஈரத் துணி போலத் தொங்கின. கையில் ஒரு துணி மூட்டை.

"என்னயத் தெரியலையா அண்ணாச்சி? நாந்தான் கரடி."

எம். புதுப்பட்டியில் அந்தக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவராம். ஆள் உயரம் என்று வேஷம் போட வைத்தார்களாம். "இப்ப ஆர்டர் நிறைய, லீவு கிடையாதுன்னுட்டாங்க. வேல போனாப் போகுது, கால் வந்தாப் போதும்னு கிளம்பிட்டேன். நல்லவேளை உங்களப் பாத்தேன். தென்காசில எறங்கி எப்படிப் போகணும்?"

பிள்ளைகளே, பொருட்காட்சியில் சொன்னது வாய் தவறிய பொய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே யார் என்னை நெருக்கினார்கள்? கூட்டம் இல்லை. அவசரம் இல்லை. அவர் இன்னும் பஸ் ஏறவில்லை. நான் சொன்னது பொய், திரும்பிப் போங்கள்... இந்தச் சொற்கள் தொண்டை வரை வந்தன.

தோளில் இருந்த சிறுமி குனிந்து கேட்டாள்: "மாமா, அந்தப் பாப்பா இன்னமும் ஓடுதா?"

"ஓடுதும்மா" என்றேன்.

பிறகு வழி சொன்னேன். மேற்கே போகிற பஸ், கடைசியில் ஒரு ஓடை, ஓடைக்கு அங்கிட்டு ஒரு தென்னந்தோப்பு... ஒவ்வொன்றாக உண்டாக்கினேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தார். ஓர் இடத்தில் நான் அவரைத் திருத்தக்கூடச் செய்தேன். "ஓடைக்கு முன்னால இல்ல, தாண்டி" என்று. இல்லாத ஓடை!

அவர் என்னைக் கும்பிட்டுவிட்டு ஏறினார். பஸ் நகர்ந்தபோது சிறுமி சன்னல் வழியாகக் கை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

எங்கள் அச்சாபீசிலிருந்து அந்தக் கம்பெனிக்கு லேபிள் கட்டுகள் கொண்டுபோகிற பாண்டி, ஆனியில் எனக்குச் சொன்னான். நான்தான் காரணம் என்று அவனுக்குத் தெரியாது.

"அந்தக் கரடி ஆளு பத்து நாள் அலைஞ்சுட்டுத் திரும்பிட்டாருண்ணே. வைத்தியரு அம்புடலையாம். அவரு லோடு வேலைக்கு வேற ஆளப் போட்டாச்சு. அதுக்கும் மனுசன் அசரல. வழி சொன்னவரு சரியாத்தான் சொன்னாரு, நாந்தான் எங்கனயோ தப்பாத் திரும்பிட்டேங்கிறாரு."

தன்மேல் பழி போட்டுக்கொண்டார். என்மேல் அல்ல.

அந்தத் தீபாவளி சீசன் முடிந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் போனாராம். அடுத்த வருஷமும் போனாராம். அதற்குப் பிறகு பாண்டியிடம் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

எம். புதுப்பட்டி என்ன காசியிலா இருக்கிறது? சைக்கிளில் போகிற தூரம். ஒரு முறை ஊர் முகப்பு டீக்கடை வரை போனேன். டீ குடித்தேன். திரும்பி வந்தேன். அவருக்கு இருக்கிற ஒரே நம்பிக்கையை நான் பிடுங்குவதா என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிப் பார்த்தேன். அந்த நம்பிக்கையைச் செய்து கொடுத்தவனே நான் என்னும்போது, அது என்ன நியாயம்?

அந்தச் சிறுமிக்கு இப்போது பதினேழு வயது இருக்கும். மன்னிப்புக் கேட்பதென்றால் அவளிடம்தான் முதலில் கேட்க வேண்டும். இன்றுவரை கேட்கவில்லை.

அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.