என் மச்சினன் கூட்டிய ஒரு பார்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தேன். இன்றைக்கு இந்த ஊரில் மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் என் லாண்டரிக்குத்தான் வருகின்றன. யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. கொடுக்க வந்த ஓரிரண்டு கையையும் நானே தட்டிவிட்டேன். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் என் மச்சினன்மேல் எனக்கு ஏன் இத்தனை எரிச்சல் என்பது உங்களுக்கு விளங்கும்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. பதினெட்டு வருஷமாக என் பாய்லர் அவன் கையில் இருந்தது. ஒல்லியான ஆள், பாதி கருகிய புருவம். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நெருப்பு மூட்டுவான். நீராவிக் குழாயைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "வந்துட்டா" என்பான். பாய்லர் அவனுக்குப் பெண்பிள்ளை. விரிப்புகளை உருளையில் விட்டுத் தேய்க்கும் பெண்கள் அவனை 'ஆவி அண்ணன்' என்று கூப்பிடுவார்கள். "ஆவி அண்ணே, துணி ஈரமா வருது" என்று ஒரு குரல் கேட்டால் போதும், ஓடிப்போய் உருளைக்குள் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவான். பிழைக்கத் தெரியாதவன், ஆனால் வேலை தெரிந்தவன்.

அப்படி இருக்கையில் புதுச் சட்டம் வந்தது. இந்த அளவு பாய்லருக்குப் பரீட்சை எழுதித் தேறிய ஆள்தான் நிற்க வேண்டுமாம். சோதனைக்கு வந்த அதிகாரி அவனிடம் சர்டிபிகேட் கேட்டார்.

"அனுபவம் இருக்கு சார்."

"அதை ஃபிரேம் போட்டுச் சுவத்துல மாட்ட முடியுமா?"

ஒரு வருஷம் தவணை கொடுத்தார். அதற்குள் மச்சினன் தேற வேண்டும், இல்லையென்றால் தேறிய ஆள் ஒருவன் வந்து அந்த இடத்தில் நிற்பான்.

பாய்லர் முன்னால் நிறுத்திக் கேட்ட கேள்விகளை அவன் ஊதித் தள்ளிவிட்டான். மாட்டிக்கொண்டது எழுத்துப் பரீட்சையில். அங்கே நீராவி அட்டவணை என்று ஒரு புத்தகம் கொடுப்பார்கள். இடது ஓரத்தில் அழுத்தம் இருக்கும். அதே வரியில் வலப்பக்கம் போனால், அந்த அழுத்தத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும், கொதிக்கிற வரை சூடேற்ற எவ்வளவு வெப்பம், கொதித்ததை ஆவியாக்க எவ்வளவு வெப்பம் என்று எல்லாம் எழுதியிருக்கும். ரயில் கால அட்டவணை மாதிரிதான். ஆனால் நாம் நிற்கிற ஸ்டேஷனில் எந்த ரயிலும் நிற்காது. நமக்கு வேண்டிய அழுத்தம் பல நேரம் இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பிரித்து எடுக்க வேண்டும். அதையும் அவன் பழகிக்கொண்டான்.

முதல் தடவை ஃபெயில். பாய்லரின் அழுத்தம் காட்டும் கேஜில் ஆறு பார் என்று கேள்வி; பார் என்பது அழுத்தத்தின் அளவு. இவன் நேராக ஆறாம் வரிக்குப் போய்விட்டான். கேஜ் முள்ளுக்கு வெளிக்காற்றின் அழுத்தம்தான் பூஜ்யம். புத்தகமோ ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து எண்ணுகிறது. அதனால் வெளிக்காற்றுக்கு ஒன்றைக் கூட்டி ஏழாம் வரியைப் பார்க்க வேண்டுமாம்.

"ஒண்ணு கூட்டறதுதானே மாப்ளே. நான் ஒண்ணுமில்லாததுலேருந்து ஒரு லாண்டரியே கூட்டிட்டேன்" என்றேன்.

"சரி மச்சான்" என்றான். அவன் 'சரி மச்சான்' என்றால் காரியம் கெட்டது என்று அர்த்தம்.

அன்றிலிருந்து பாய்லர் அறைச் சுவரில் சாக்பீஸால் 'ஒன்றைக் கூட்டு' என்று எழுதி வைத்தான். பிரஷர் எவ்வளவு என்று கேட்டால் கேஜில் ஆறு இருக்கும், அவன் ஏழு என்பான். வீட்டில் என் மனைவி எத்தனை டம்ளர் டீ என்றால்கூட ஒன்று கூட்டித்தான் சொல்கிறான் என்று பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவணை தேய்ந்துகொண்டிருந்தது.

இரண்டாம் தடவை எழுதிவிட்டு முகமெல்லாம் பல்லாக வந்தான். அதிலும் ஃபெயில்.

விடுவேனா நான்? கலெக்டராக இருந்தாலும் நேருக்கு நேர் கேட்கிற ஆள். விடைத்தாளைக் காட்டச் சொல்லிப் பரீட்சை அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தேன். மனிதர் பொறுமையாகவே பேசினார்.

"உங்க ஆள் போட்ட முறை சரிங்க. பார்த்த வரிதான் தப்பு. பத்து பார் அப்சல்யூட்னு கேள்வி. அப்சல்யூட்னா காத்தையும் சேர்த்தே சொல்லியாச்சுன்னு அர்த்தம். இவர் அதுக்கு மேல ஒண்ணைக் கூட்டிப் பதினொண்ணாம் வரியைப் பார்த்திருக்கார்."

"விடையில எவ்வளவு சார் வித்தியாசம்?"

"ஒரு கிலோ ஆவிக்கு ரெண்டாயிரத்து நானூத்தம்பது கிலோஜூல் வெப்பம் வரணும். இவருக்கு நானூத்தம்பத்தஞ்சு வந்திருக்கு."

"அஞ்சு. என் வால்வு கசியறதுல இதைவிட ஜாஸ்தி போகும் சார். ரெண்டாயிரத்து நானூறுல அஞ்சுக்காக ஒரு குடும்பஸ்தனை அடுப்பங்கரையை விட்டு எழுப்புவீங்களா?"

"அதுக்கு நான் பாதி மார்க் போட்டுட்டேன். அடுத்ததைப் பாருங்க. அரை பார் அப்சல்யூட்ல தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்? எண்பத்தொண்ணு. இவர் அரையை ஒண்ணரையாக்கி நூத்திப் பதினொண்ணுன்னு எழுதியிருக்கார். கொதிக்கிற தண்ணிக்கும் கொதிக்காத தண்ணிக்கும் உள்ள வித்தியாசம்ங்க இது."

எனக்கு வாயில் பதில் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் அல்ல.

"போன தடவை கூட்டலைன்னு ஃபெயில் போட்டீங்க. இந்தத் தடவை கூட்டினான்னு ஃபெயில் போடறீங்க. அவன் என்னதான் செய்யணும்?"

"கேள்வியைப் படிக்கணும்."

எழுந்து வந்துவிட்டேன். கோபத்தில் வாசலில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டேன். திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அது வேறு அவமானம்.

வீட்டில் மச்சினனை உட்கார வைத்துக் கேட்டேன். "அரை பாருக்கும் கூட்டினியா?"

"கேஜ் அரையில நின்னா ஒண்ணரைதானே மச்சான். வெளிக்காத்தைவிடக் கம்மியா ஒரு அழுத்தத்தை நான் எங்கே பார்த்திருக்கேன்?"

"ஏன், நீங்க பார்த்திருக்கீங்களா?" என்றாள் என் மனைவி, என்னைப் பார்த்து. தம்பிக்கு ஒன்றென்றால் இவளுக்குக் கோபம் முந்திக்கொண்டு வரும். நான் எங்கே பார்த்தேன்? நான் லாண்டரி நடத்துகிறவன்.

தவணை முடிந்தது. தேறிய ஆள் வந்து சேர்ந்தான். நல்லவன்தான், குற்றம் சொல்ல முடியாது. பெண்கள் அவனுக்கு 'சர்டிபிகேட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மச்சினன் அவனைக் கூட்டிப்போய் எந்த வால்வு முரண்டு பிடிக்கும், எந்தக் குழாய் உறுமும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மடிப்பு மேசைக்கு வந்தான். துண்டு மடிக்கிற வேலை. குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அது பாய்லர் இல்லை. குழாயைத் தொட்டுப் பழகிய புறங்கையை அவன் அடிக்கடி மேசைமேல் வைத்துப் பார்ப்பதை நான் கவனித்தேன். ஆறு மாதத்தில் இன்னொரு பரீட்சை இருக்கிறது. தேறினால் பாய்லர் மறுபடி அவனுடையது என்று நானே வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் மடிப்பு மேசையில் ஆளைக் காணோம். பின்முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் கழித்துப் போட்ட கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் பாதி தண்ணீர் ஊற்றி, டீ அடுப்பில் கொதிக்க வைத்து, காற்றெல்லாம் ஆவியோடு வெளியேறியதும் ரப்பர் மூடியை இறுக்கி எடுத்து வந்திருக்கிறான். துண்டைச் சுற்றித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, குளிர்ந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினான். அடங்கிக் கிடந்த தண்ணீர் குபுகுபுவென்று கொதித்தது. அடுப்பு இருந்த இடம் பத்தடி தள்ளி.

"மேல இருக்கிற ஆவி குளிர்ந்து தண்ணியாயிடுது மச்சான். உள்ள அழுத்தம் விழுந்துடுது. அதான் இந்தச் சூட்டுலயே கொதிக்குது. புத்தகத்துல இருக்கிறது நிஜம்தான்."

"இதுக்கு அந்தப் பரீட்சைக்காரன் மார்க் போடுவானா?"

"போட மாட்டான்."

"அப்போ போய் எழுதித் தேறு. இப்பதான் புரிஞ்சுடுச்சே."

அவன் இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றி, அது கொதித்து அடங்குகிற வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம் மச்சான். ரெண்டு தடவை அந்த பெஞ்சுல உட்கார்ந்து எந்திரிச்சுட்டேன். புரியலைங்கிறதுதான் உறுத்திக்கிட்டு இருந்துச்சு. அது தீர்ந்துடுச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தை எதில் சேர்ப்பது? தெரியாதபோது இரண்டு தடவை எழுதினான். தெரிந்த பிறகு எழுத மாட்டானாம். நானாக இருந்தால் இருபது தடவை எழுதியிருப்பேன். அந்த அதிகாரியே அலுத்துப்போய்ப் பாஸ் போட்டிருப்பார். அவனிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

"நீங்க எழுதியிருப்பீங்க மச்சான்" என்றான். குத்தலா, மெய்யா என்று அவன் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசித் தேதிக்கு முன்னால் நானே போய் வரிசையில் நின்று விண்ணப்பத்தை வாங்கி வந்து மடிப்பு மேசையில், அவன் கைக்கு நேராக வைத்தேன். பேனாவையும் வைத்தேன். பேனாவை எடுத்து என் சட்டைப் பையில் செருகினான். விண்ணப்பத்தின்மேல் மடித்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தான்.