கம்ப்யூட்டருக்கு ஒரு பாடு

"அமுதவல்லி, க/பெ ரஞ்சித். வயது 38. தொழில்: மீன் உலர்த்துதல். வகை: பாரம்பரிய மீனவப் பெண்."

செம்மணல்குப்பத்தில் அமுதவல்லிக்கு வழங்கப்பட்டிருக்கும் அடையாள அட்டை அவரைப் பற்றி இப்படிச் சொல்கிறது. பெயர் சரி. வயதும் ஏறக்குறைய சரி. ரஞ்சித்தும் ஆட்சேபம் இல்லாமல் கணவராகத்தான் இருக்கிறார். மற்றதில்தான் கொஞ்சம் சிக்கல். பாரம்பரியம் என்று பார்த்தால் அமுதவல்லி காட்டூரில் நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பெண். பழவேற்காடு ஏரியைப் பள்ளிச் சுற்றுலாவில்தான் முதன்முதலில் பார்த்தார். மீன் உலர்த்துவதைப் பொறுத்தவரை, கருவாட்டு வாசனை வரும் திசையில் அவர் வீட்டு ஜன்னல் கல்யாணமான நாள் முதல் சாத்தியே கிடக்கிறது.

அவர் உண்மையில் செய்வது வேறு. சென்னையில் ஒரு கடையில் பல வருடம் கம்ப்யூட்டர் பூட்டும் வேலை பார்த்தவர். அங்கேதான் படகு எஞ்சினுக்கு உதிரிபாகம் வாங்க வந்த ரஞ்சித், கடை மாறி ஏறிவிட்டு, இறங்க மனமில்லாமல் நின்றார். கல்யாணத்துக்குப் பிறகு குப்பத்திலேயே வீட்டின் முன்னறையில் மூன்று பழைய கம்ப்யூட்டர்களை வைத்துக் கடை போட்டார் அமுதவல்லி. பகலில் விண்ணப்பம், நகல், மின்கட்டணம். சாயங்காலம் துப்பாக்கி விளையாட்டு. உப்புக் காற்று உள்ளே இருக்கும் பலகைகளைத் தின்றுவிடும் என்பதால் ஒவ்வொரு பெட்டியின் பின்புறத்தையும் கிழிந்த இறால் வலையால் பல மடிப்பாக மூடியிருப்பார். மீன்பிடித் தொழிலோடு அவருக்கிருந்த நேரடித் தொடர்பு அந்த வலை மட்டும்தான்.

அடக்கம் என்பது அவரிடம் கிடையாது. "இந்த ஏரியச் சுத்தி என்னை மாதிரி மெஷின் பூட்ட ஆள் கீறாங்களா? சுண்ணாம்புக்குளம் வரைக்கும் போய்த் தேடிப் பாரு," என்று வருபவர்களிடமெல்லாம் சொல்வார். யாரும் போய்த் தேடவில்லை.

போன வருடம் கூரை ஒழுக ஆரம்பித்தது. தகரத்தை மாற்றினார்கள், ஓட்டை இடம் மாறியது. வடகிழக்கு மழையை அந்த முன்னறை இன்னொரு முறை தாங்காது என்பது தெளிவாகிவிட்டது. ஊரில் காலியாக இருந்த ஒரே கெட்டிக் கட்டடம் பழைய ஐஸ் அறை. சுவர் தடிமன், கூரை கான்கிரீட், கதவு இறுக்கம். அது கிடைத்தால் கடை பிழைக்கும். கிடைக்காவிட்டால் கடையை மூடிவிட்டு, பழையபடி அனுப்பம்பட்டில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், பிள்ளைகள் தூங்கின பிறகு வீடு திரும்ப வேண்டியதுதான்.

அறையைக் கேட்டு ஊர்க் கூட்டத்தில் விண்ணப்பித்தபோது இன்னொருவரும் கேட்டிருப்பது தெரிந்தது. ரஞ்சித்தின் அண்ணன் செங்கல்வராயன். துறைமுகப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. அவர் அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர்களை மொத்தமாகக் கழித்துக்கட்டுகிறார்கள்; தானே எடுத்து வந்து, தானே மையம் நடத்துவதாகச் சொன்னார். எல்லாம் பென்டியம் ஜி4560 பிராசஸர். அமுதவல்லி வாங்கி வைக்க நினைத்திருந்ததோ அத்லான் 200ஜிஇ.

இரண்டும் அந்தக் காலத்தில் கையைக் கடிக்காத விலைக்கு வந்தவை. இரண்டு வருடத்துக்குள் அடுத்தடுத்துப் பிறந்தவை. இரண்டுக்கும் இரண்டு கோர், நான்கு திரெட். அதாவது இரண்டு பேர் உட்கார்ந்து நான்கு துடுப்பு போடும் படகு. உலகம் இரண்டையும் என்றோ மறந்துவிட்டது. செம்மணல்குப்பம் அவற்றை வைத்து இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

"பென்டியம்னு பேரைக் கேட்டாலே தெரியாது? எங்க நைனா காலத்துலேர்ந்து கீற பேரு," என்றார் செங்கல்வராயன்.

கணவரின் அண்ணனை அமுதவல்லி பாவா என்றுதான் கூப்பிடுவார், எவ்வளவு கோபத்திலும். "பேருக்குத்தான் பாவா வயசு. உள்ள படம் காட்டுற சமாச்சாரம் கீதே, அது இன்னும் தவழுது. என்னுதுல தனியா கார்டு போடாமயே கேம் ஓடும். கேம் மட்டுமில்ல, எல்லாத்துலயும் என்னுதுதான் முந்தும்."

இந்தக் கடைசி வாக்கியம் தேவையில்லாதது. அது பின்னால் அவருக்கே தெரிந்தது.

ஊர்த் தலைவர் சுப்பராயலு தீர்ப்புச் சொல்வதில் அனுபவசாலி. வலைச் சண்டை, எல்லைச் சண்டை, மாமியார் சண்டை எல்லாம் பார்த்தவர். பிராசஸர் சண்டை புதிது. "ரெண்டையும் கொண்டாந்து வைங்க. எது நல்லா ஓடுதோ, அதை வெச்சிருக்கறவங்களுக்கு ரூமு," என்றார்.

கடலுக்குப் போகாத ஒரு நாள் சமுதாயக் கூடத்தில் இரண்டு மேசை போட்டார்கள். ஊரே வந்தது. பென்டியம் முன்னால் லோகேஷ் உட்கார்ந்தான். படகில் இருக்கும்போதுகூட விரல் தானாகச் சுட்டுக்கொண்டிருக்கும் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள். அத்லான் முன்னால் யாரும் உட்காரவில்லை. லோகேஷிடம் தோற்று ஊருக்குள் நடமாட யாருக்கும் தைரியமில்லை. கடைசியில் தலைவரே, நடுவராக இருப்பவர் ஆடக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லாததால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆட்டம் முடிந்தபோது லோகேஷ் இருபத்து மூன்று பேரைச் சுட்டிருந்தான். சுப்பராயலு இரண்டு பேரைச் சுட்டிருந்தார். இருவருமே அவர் கட்சிக்காரர்கள்.

"முடிஞ்சிது போ," என்றார் செங்கல்வராயன். "இருபத்தி மூணு எங்க, ரெண்டு எங்க? இதுக்கு மேல இன்னா ஓணும்?"

வேறு எந்த ஊரிலாவது இருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. வலையில் விழுந்ததை எண்ணித்தான் இந்த ஊர் எதையும் முடிவு செய்து பழகியிருக்கிறது. மகளிர் குழுத் தலைவி இந்திராணிகூடத் தலையை ஆட்டினார். "கண்ணால பாத்தோமே. அவருக்கே குடுத்துடுங்க."

அமுதவல்லி தலைவர் முன்னால் வந்து நின்றார். "மாமா, அது லோகேஷ் கைவாகு. மெஷின் இன்னா பண்ணிச்சுன்னு யாரு பாத்தீங்க? என்னுதுல படம் வழுக்கிக்கினு ஓடிச்சு. அதுல நின்னு நின்னு போச்சு."

"புடிச்சது புடிச்சதுதாம்மா," என்றார் சுப்பராயலு. இரண்டு நண்பர்களைக் கொன்ற வருத்தம் அவர் குரலில் இன்னும் இருந்தது.

அமுதவல்லி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். சுவரோரம் வரதன் நின்றுகொண்டிருந்தார், முந்தின நாள் வெறும் கூடையோடு கரையேறியவர்.

"சரி மாமா. நேத்து முகத்துவாரத்துல வலை கட்டினீங்க, கூடை கூடையா இறால் வந்திச்சு. வரதன் அண்ணன் மேட்டுல கட்டினாரு, ஒண்ணும் விழல. அப்ப நீங்க கெட்டிக்காரரு, அவரு முட்டாளுன்னு வெச்சுக்கலாமா?"

"யாரு முட்டாளு?" என்று சுவரை விட்டு நகர்ந்தார் வரதன். "எனக்கு வந்த எடம் அப்படி! அடுத்த முறை முகத்துவாரம் எனக்கு வரட்டும், அப்ப பாரு."

"அதாண்ணா நானும் சொல்றேன்."



ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி விழாது. ஆகவே யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டு எடுத்து, பிறகு முறை வைத்து மாறிக்கொண்டே போவார்கள். இன்றைக்கு நல்ல இடத்தில் கட்டியவர் நாளைக்கு மோசமான இடத்துக்குப் போக வேண்டும். அதற்குப் பெயர் பாடு. ஊரில் எதை வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், சாமியைக்கூட. பாட்டைக் கேள்வி கேட்க முடியாது.

"மெஷினும் அப்படித்தான். இன்னைக்கு ஒண்ணுக்கு நல்ல ஆளு வந்தாச்சு, ஒண்ணுக்கு நீங்க வந்தாச்சு. பாட்டை மாத்துங்க," என்றார் அமுதவல்லி.

செங்கல்வராயன் எழுந்துவிட்டார். "ஏம்மா, பாட்டைப் பத்தி நீ பேசலாமா? இந்த ஊர்ல கல்யாணமான ஆம்பளைக்குத்தான் பாடு. நீ பொம்பள, அதுவும் காட்டூரு. உனக்கு ஏது பாடு?"

"எனக்கு வேணாம் பாவா. கம்ப்யூட்டருக்குக் குடுங்க."

முதலில் சிரித்தது வரதன். பிறகு கூடமே சிரித்தது. கடைசியாக, தான் தலைவர் என்பதை மறந்து, சுப்பராயலுவும் சிரித்துவிட்டார். சிரித்தவர் மறுக்க முடியாது. பாடு மாற்றப்பட்டது.

மேட்டில் வலை கட்டி அடிபட்டுக் கிடந்த வரதனே நடுவரானார். ஊரில் அவரைவிட நியாயத்துக்கு ஏங்கியவர் அன்றைக்கு வேறு யாரும் இல்லை. "எடத்தை மாத்தறதுக்கு முன்னாடி வலை ரெண்டும் ஒரே அளவான்னு பாக்கணும். பெட்டியத் தொறங்க," என்றார். திறந்ததில், பென்டியத்தில் நாலு ஜிபி மெமரி இரண்டு துண்டு; அத்லானில் எட்டு ஜிபி ஒரே துண்டு.

"கூட்டினா ரெண்டும் எட்டுதான்," என்றார் செங்கல்வராயன்.

"இல்ல பாவா. ரெண்டு துண்டா போட்டா ரெண்டு வழியில ஓடும். எனக்கு ஒண்ணே போதும்னு விட்டுட்டேன்."

"திமிரு," என்றார் வரதன். அமுதவல்லி வீட்டிலிருந்து இரண்டு நாலு ஜிபி துண்டுகளை எடுத்துவந்து மாட்டினார்.

இந்த முறை லோகேஷ் இரண்டிலும் ஆடினான். பென்டியத்தில் பழையபடி சுட்டான். ஆனால் புகை எழும்போதெல்லாம் படம் திக்கித் திணறியது. அத்லானுக்கு மாறி உட்கார்ந்ததும் நிமிர்ந்தான். "அக்கா, இன்னாக்கா இது, வெண்ணெ மாதிரி போவுது!" எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது. செங்கல்வராயன் கூரையைப் பார்த்தார்.

பிறகு தலைவரின் முறை. பென்டியத்தில் சுப்பராயலு யாரையும் சுடாமல் செத்தார். அத்லானுக்கு வந்தார். மூலையில் பதுங்கி நின்றார். எதிரி ஒருவன் ஓடி வந்தான். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினார். எதிரி விழுந்தான். உண்மையான எதிரி! முதல் வலையில் சுறா மாட்டியது போல ஊர் கத்தியது. யாரோ விசில் அடித்தார்கள். தலைவர் எழுந்து நின்று எல்லோரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "இன்னொரு ஆட்டம் போடு," என்றார்.

"ஆட்டம் மட்டும்தான் வாழ்க்கையா?" என்று செங்கல்வராயன் கேட்டார். நியாயமான கேள்வி. ஊருக்குத் தினமும் வேண்டியது விண்ணப்பமும் காற்று வரைபடமும்தான். இந்திராணி இரண்டிலும் மாற்றி மாற்றி உட்கார்ந்து மகளிர் குழு விண்ணப்பத்தைத் திறந்தார். பென்டியம் முந்தியது. கண்ணிமைக்கும் அளவுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் முந்தியது.

"பாத்தியா! எல்லாத்துலயும் முந்தும்னியே?" செங்கல்வராயன் துள்ளினார்.

அமுதவல்லி குனிந்து இரண்டு திரையையும் பார்த்தார். ரயிலும், கடைசி பஸ்ஸும், தூங்கிப்போன பிள்ளைகளும் கண்முன்னால் வந்திருக்க வேண்டும். "ஆமா பாவா," என்றார். "இதுல உங்களுதுதான் முந்துது. நான் சொன்னது தப்பு. ஒரு கோரோட வேகத்துல அது கொஞ்சம் ஒசத்தி."

இந்த ஊரில் தோல்வியை இவ்வளவு சுருக்கமாக யாரும் ஒப்புக்கொண்டு பழக்கமில்லை. எல்லோரும் இந்திராணியைப் பார்த்தார்கள்.

இந்திராணி இன்னும் பென்டியத்தின் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். "ஒரு இமை முன்னாடி தொறந்து இன்னா பண்றது? ஓடிபி வர்றதுக்கு அரை மணி நேரம் ஆவுது. அதுவரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான்." பிறகு சேர்த்துக்கொண்டார்: "அந்த நேரத்துக்கு ஒரு ஆட்டமாவது ஆடலாம்."

"அப்ப அத்லானுக்குத்தான் ரூமு," என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு வரதன் தலைவரைப் பார்த்தார். தலைவர் திரும்பவே இல்லை; அதற்குள் மறுபடி அத்லான் முன்னால் உட்கார்ந்து, ஆட்டத்தில் மூலையில் பதுங்கியிருந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சாவிய அந்தப் பொண்ணுகிட்டக் குடு," என்றார். கூடம் இரண்டாம் முறை கத்தியது. ரஞ்சித் மனைவியைத் தூக்கப் போய், அண்ணன் இருப்பதைப் பார்த்து, பக்கத்திலிருந்த லோகேஷைத் தூக்கினார்.

செங்கல்வராயன் தன் பெட்டியின் ஒயரைச் சுருட்டினார்.

"அதை எங்க பாவா தூக்கினு போறீங்க?" என்றார் அமுதவல்லி. "விண்ணப்பத்துக்கு அதுதான் ஒசத்தின்னு இப்பதானே ஒத்துக்கினேன்? வெச்சுட்டுப் போங்க. ஞாயித்துக்கெழம நீங்களே வந்து அதுல குந்துங்க."

மழைக்கு முன்பே அமுதவல்லி ஐஸ் அறையைக் கழுவி வெள்ளையடித்தார். ஆறு அத்லான்களை விளையாட்டுக்கும், ஒரு பென்டியத்தை விண்ணப்பங்களுக்கும் தன் கையால் பூட்டினார். கடையைத் திறந்தார்.