மூன்றாம் தட்டலுக்குத் திறந்த கதவு

மாதாவில் பிரியமான சகோதரங்களே,

என் மனைவி பிலோமினாவும் இரண்டு பிள்ளைகளும் மன்னாரில் ஒரு கோயில் வளவில் அகதியாகக் கிடந்தார்கள். நான் இங்கே டென்மார்க்கில், சில்க்போர்க் பட்டணத்தில், சூடேற்றின வீட்டில் தனியே கிடந்தேன். குடும்பத்தைக் கூப்பிடச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் மேலிடத்தில் தமிழரின் விண்ணப்பங்களைத் தொடாமலே வைத்திருந்த காலம் அது. பிற்பாடு அதுவே பெரிய வழக்காகி ஓர் அரசாங்கம் வீட்டுக்குப் போனது உங்களுக்குத் தெரியும். அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. போய்க் கேட்டால் "பொறுங்கள்" என்பார்கள். பொறுத்தோம்.

பிலோமினா ஒலிநாடாவில் பேசி அனுப்புவாள். நானும் பேசி அனுப்புவேன். ஒரு நாடாவில் என் சின்ன மகளின் குரல் கேட்டது. "அம்மா, அப்பா எண்டால் இந்த ரேடியோவுக்க இருக்கிறவரோ?" அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தேன். செபமும் வரவில்லை.

நான் இலேசில் கலங்குகிற ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தாங்கச் சக்தி இல்லை. அப்படியிருந்தும் எங்கள் பட்டணத்தில் கார் லைசென்ஸ் எடுத்த முதல் தமிழன் நான்தான். தளபாடத் தொழிற்சாலையில் டேனிஷ்காரர் இரண்டு பேர் தூக்குகிற அலுமாரியை ஒருவனாய்த் தூக்குவேன். இன்றைக்கு எனக்கு இரண்டு கடை இருக்கிறது. இதெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவனையே அந்தக் கேள்வி நிலத்தில் இருத்திவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த நாளில் தொழிற்சாலைக்குப் புதிதாக ஒருவன் வந்தான். எங்கள் நிறம், எங்கள் மீசை. நான் நேரே போய், "தம்பி, நீர் எந்த ஊர்?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். பெயர் ரேமுண்டோவாம். அமெரிக்காவில் டெக்சாஸ் என்ற இடத்தில் பிறந்தவன், இங்கத்தைய பெண் கிர்ஸ்டனைக் கட்டி வந்திருக்கிறான்.

"அப்ப நீ அமெரிக்கனோ?"

"இல்லை."

"மெக்சிக்கனோ?"

"அதுவும் இல்லை. நான் சிக்கானோ."

இரண்டு பேருக்கும் டேனிஷ் அரைகுறை. ஆனாலும் கதை விளங்கியது. அவனுடைய பாட்டன் பூட்டன் இருந்த மண்ணில் மெக்சிக்கோவின் கொடி போய் அமெரிக்காவின் கொடி வந்திருக்கிறது, அவர்கள் அதே இடத்தில்தான் இருந்திருக்கிறார்கள். அமெரிக்கர் அவர்களை மெக்சிக்கர் என்பார்களாம். மெக்சிக்கோவுக்குப் போனால் அங்கே அமெரிக்கர் என்பார்களாம். பார்த்தார்கள், தங்களுக்குத் தாங்களே ஒரு பெயரை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்கள். எனக்கு உடனே பிடித்துவிட்டது. என்னையும் இங்கே ஒருவன் இந்தியன் என்பான், ஒருவன் பாகிஸ்தானி என்பான்.

அவனுடைய காரைப் பார்த்தபோது இன்னும் பிடித்தது. பழைய காரை வாங்கித் தரையோடு தரையாகப் பதித்து வைத்திருந்தான். அவனுடைய ஊர்ப் பெடியளுக்கு அதுதான் பெருமையாம். முன்மூடியில் மாதாவின் படம் வரைந்திருந்தது. அதுவும் கறுத்த மாதா! எங்கள் மடு மாதாவின் கூடப்பிறந்தவள் மாதிரி. நான் நடுத் தெருவில் முழங்காலில் இருந்து கும்பிட்டேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன் ரேமுண்டோ பட்டணத்துத் தமிழர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டான். அவர்களிடம் பொசாடா என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இயேசு பிறக்க இடம் தேடி அலைந்த சூசையப்பரும் மாதாவுமாக இரண்டு பேர் வீடு வீடாகப் போய்த் தட்டி, தங்க இடம் கேட்டுப் பாடுவார்கள். முதல் வீட்டுக்காரர் இல்லை என்று துரத்த வேண்டும். இரண்டாம் வீட்டிலும் அப்படியே. மூன்றாம் வீடு திறக்கும். அங்கே பாட்டும் சாப்பாடும்.

என் பெயர் சூசைப்பிள்ளை. சூசையப்பர் வேடம் எனக்குத்தான் என்று நினைத்துச் சால்வையும் எடுத்து வைத்தேன். ரேமுண்டோ அதை அந்தோனிக்குக் கொடுத்துவிட்டான். அந்தோனி என்னோடு வேலை செய்த பொடியன், காற்றடித்தால் பறப்பான்.

"ஏன் எனக்குத் தரேல்லை?"

"சூசை, உனக்கு நல்ல பெரிய தொண்டை. துரத்துறதுக்கு நீதான் சரி."

மாதா வேடத்துக்குத் தமிழ்ப் பெண் ஒருத்தியும் இல்லை. எங்கள் பெண்கள் எல்லோரும் கடலுக்கு அந்தப் பக்கம். ஆகவே கிர்ஸ்டன் மாதா ஆனாள். அந்தோனி அவளுடைய தோளுக்குத்தான் வருவான். தூரத்தில் பார்த்தால் மாதா தன் மகனைக் கூட்டிக்கொண்டு போவது போலத்தான் இருந்தது.

முதல் வீடு என் வீடு. "இடம் இல்லை! போங்கோ!" என்று ஒரு கிழமையாகக் கண்ணாடிக்கு முன் நின்று பழகியிருந்தேன். வெளியே பனி. கதவைத் தட்டினார்கள். அந்தோனி எங்கள் மெட்டில் பாடினான், மனைவி களைத்துப் போனாள், குளிரில் நிற்கிறாள், ஒரு மூலை தாருங்கள் என்று. நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. கைதான் போய்க் கதவைத் திறந்தது.

"உள்ளுக்கு வாங்கோ! ஏன் குளிருக்க நிக்கிறியள்? சாப்பிட்டாச்சோ?"

எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். ரேமுண்டோ தலையில் கை வைத்தான். "சூசை, நீ இல்லை எண்டு சொல்ல வேணும்!"

"ஓம் ஓம், தெரியும்."

திரும்ப வெளியே போய்த் தட்டினார்கள். திரும்பவும் திறந்தேன். இந்த முறை கையில் பொரித்த ரோல்ஸ் பலகாரத் தட்டும் இருந்தது. அந்தோனி பாட்டை விட்டுவிட்டு இரண்டு ரோல்ஸை எடுத்தான்.

"அண்ணை, நீங்கள் இப்பிடிச் செய்தால் இயேசு உங்கட வீட்டிலதான் பிறக்க வேணும்," என்றான்.

மூன்றாம் முறை நான் திறக்காதபடி ரேமுண்டோ வெளியே நின்று கைபிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டான். நான் உள்ளே நின்று இழுக்கிறேன், அவன் வெளியே நின்று இழுக்கிறான். மேல்வீட்டு டேனிஷ் கிழவி இறங்கி வந்து, "அந்த மனிதனை ஏன் வீட்டுக்குள் அடைக்கிறீர்கள்?" என்று சத்தம் போட்டாள்.

அப்போதுதான், சகோதரங்களே, எனக்குள் எதுவோ உடைந்தது. கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன். "மாதாவே, விளையாட்டுக்குக்கூட என்னால இல்லை எண்டு சொல்ல முடியேல்லை. என்ர மனிசி பிள்ளையளை வெளியில நிப்பாட்டி வைச்சிருக்கிறவையின்ர வாயையும் இப்பிடியே கட்டு, தாயே. அவையின்ர கையும் தானாப் போய்க் கதவைத் திறக்கட்டும்." பெரிய தொண்டை என்று ரேமுண்டோ சொன்னான் அல்லவா? வெளியே எல்லோருக்கும் கேட்டது. பாட்டு நின்றது. ரேமுண்டோ கைபிடியை விட்டான். அந்த வருடம் ஊர்வலம் என் வீட்டைத் தாண்டவில்லை. எல்லோரும் முழங்காலில் இருந்து செபமாலை சொன்னோம். கிழவியும் இருந்தாள்.

புது வருடம் பிறந்த கையோடு செய்தி வந்தது. கிடப்பில் கிடந்த விண்ணப்பங்களைத் திரும்ப எடுக்கிறார்களாம். சொல்லுங்கள், இது யாருடைய கை?

எங்கள் விண்ணப்பமும் சரிவந்து பிலோமினாவும் பிள்ளைகளும் வருகிற நாள் விமான நிலையத்துக்கு ரேமுண்டோவின் காரில்தான் போனேன். வழியில் கடலைக் கடக்கக் காரோடு கப்பலில் ஏறும்போதும் இறங்கும்போதும் காரின் அடிவயிறு உரசிக் கத்தியது. பிலோமினா வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ரேமுண்டோவிடம், "அண்ணை, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டாள்.

"ஓம் ஓம்," என்றான் அவன்.

சின்ன மகள் என்னைத் தொட்டுப் பார்த்தாள், ரேடியோ இல்லை என்று உறுதி செய்துகொள்ள.

வீட்டு வாசலில் இறங்கியதும் ரேமுண்டோ என் கதவுத் திறப்பைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைப் பூட்டிவிட்டான். நான் தட்டினேன். உள்ளேயிருந்து, நான் கண்ணாடிக்கு முன் பழகின அதே தமிழ், அந்தோனி சொல்லிக் கொடுத்தானோ என்னவோ, அவனுடைய வாயில் வந்தது.

"இடம் இல்லை! போங்கோ!"

பிலோமினாவின் முகம் செத்துப்போனது. "இஞ்சாருங்கோ, இஞ்சயும் இல்லையாமோ?"

"பயப்பிடாதை. இது அவையின்ர வழக்கம். இன்னும் ஒருக்கா இல்லை எண்டுவான், பார்."

திரும்பத் தட்டினேன். "இடம் இல்லை!" மூன்றாம் முறை என் சின்ன மகள் தட்டினாள். கதவு அகலத் திறந்தது. உள்ளே கிர்ஸ்டன், அந்தோனி, மேல்வீட்டுக் கிழவி, சோளமாவு ரொட்டி, எங்கள் கோழிக்கறி. அன்று நான் சால்வை இல்லாத சூசையப்பராக என் குடும்பத்தோடு உள்ளே போனேன்.

இன்றும் ஒவ்வொரு மார்கழியும் பொசாடா வைக்கிறோம். துரத்துகிற வேடம் என் சின்ன மகளுக்கு. டேனிஷில் இல்லை என்பதற்கு அவள் "நை!" என்று போடுகிற சத்தத்துக்கு எனக்கே திரும்பி ஓடத் தோன்றும். தொண்டை என்னுடையதல்லவா.

சகோதரங்களே, உங்களுக்கும் ஏதோ ஒரு கதவு பூட்டியிருக்கும். இல்லை என்று குரல் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் போகாதீர்கள். மாதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று தட்டுங்கள். அது முதல் தட்டலாகத்தான் இருக்கும், மூன்றாவது இன்னும் மிச்சம் இருக்கிறது. என் வீட்டுப் பக்கம் வந்தால் மட்டும் தட்டத் தேவையில்லை. அது அன்று முதல் பூட்டுவதில்லை.